லாயத்துச் சிகிச்சை

ஜட்கா வண்டிகள் ஓடிய காலத்தில், சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் சாலையில் திருத்தணிக்கு முன்பாக உள்ள கனகம்மாசத்திரம் போன்ற ஊர்களில் வண்டி நின்றதும், வண்டிக்காரர் தாம் உண்பதற்கு முன்னரே குதிரையை அவிழ்த்து, தண்ணீர் காட்டி, வியர்வையைத் துடைத்து, கொள்ளும் புல்லும் வைப்பது தொழிலின் நியதியாக இருந்தது. அந்தப் பணிவிடையைச் சிகிச்சை என்று எவரும் சொன்னதில்லை. இன்றோ, மேல்நாடுகளிலும் நம் பெருநகரங்கள் சிலவற்றிலும் குதிரையோடு பழகுவதே ஒரு சிகிச்சை முறையாக வளர்ந்திருக்கிறது. அதில் மெய்யாகவே குணம் தருவது சவாரியா, பணிவிடையா என்று சீர்தூக்கிப் பார்ப்பது அவசியம்.

தேகத்தைப் பொறுத்தமட்டில் சவாரியின் பெருமையை மறுப்பதற்கில்லை. குதிரை நடக்கையில் அதன் முதுகு முன்பின்னாகவும் மேல்கீழாகவும் பக்கவாட்டிலும் ஒருங்கே அசைகிறது. அவ்வசைவு, மனிதர் நடக்கும்போது இடுப்பு அசையும் விதத்தைப் பெரிதும் ஒத்திருப்பதால், பெருமூளை வாதத்தால் நடை கைவராத குழந்தையும், சேணத்தின்மேல் சமநிலை காக்க முயலும்போதே, நடைக்கு வேண்டிய தசைகளுக்கு அப்பியாசம் தந்துவிடுகிறது. டென்மார்க் தேசத்து லிஸ் ஹார்ட்டல் என்ற மாது, 1944-இல் இளம்பிள்ளை வாதம் கண்டு முழங்காலுக்குக் கீழே வலுவிழந்து, பிறர் உதவியின்றிக் குதிரைமேல் ஏறவும் இயலாத நிலையில், 1952-ஆம் ஆண்டு ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் பெற்றது உலகின் கவனத்தை இம்முறையின்பால் திருப்பிற்று. எனினும், அசாதாரணமான மனவுறுதி படைத்த ஒருவரின் வெற்றியை ஒவ்வொரு நோயாளிக்கும் உறுதிமொழியாகக் காட்டுவது தகாது. கழுத்தெலும்பின் மூட்டு தளர்ந்திருக்கும் குழந்தைக்குச் சவாரி அபாயமாகவே முடியலாம்.

மனத்தின் விஷயம் இவ்வளவு தெளிவானதன்று. அமெரிக்க உளவியலாளர் சிலர் 2014-இல் 14 ஆய்வுகளைப் பரிசீலித்து, ஒவ்வொன்றிலும் குறை கண்டு, மனநோய்க்குக் குதிரை மருந்தென்று சொல்லத் தக்க ஆதாரமில்லை என்று தீர்ப்பளித்தனர். அடுத்த ஆண்டே, ஆட்டிசம் உள்ள 127 பிள்ளைகளைக் கொண்டு கொலராடோவில் நடந்த ஆய்வு வெளிவந்தது. சவாரியையும் குதிரையைப் பேணும் வேலைகளையும் 10 வாரம் கற்ற பிள்ளைகளிடம், குதிரையின் சம்பந்தமின்றி லாயத்திலேயே பாடம் கற்றவர்களைக் காட்டிலும், எரிச்சலும் அமைதியின்மையும் தணிந்திருந்தன. எனக்கு இதில் வியப்பில்லை. வேட்டை மிருகங்களுக்கு அஞ்சியே வாழ்ந்த இனமாதலால், குதிரை அருகில் வருபவரின் பதற்றத்தை உடனே உணர்கிறது. சினந்த முகத்தின் படத்தைக் கண்டாலே அதன் இருதயத் துடிப்பு விரைவதாக இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2016-இல் கண்டறிந்தனர். அதன் குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்ய விழைபவர் முதலில் தம் சுவாசத்தையும் சினத்தையும் அடக்கியாக வேண்டும். தினந்தோறும் வேறோர் உயிரின் பொருட்டு அப்படி அடங்கிப் பழகும் சித்தம், எந்த உபதேசத்தாலும் பெறாத நிதானத்தைப் பெறுகிறது.

ஆனால் நம்மிடையே இந்தப் பணிவிடையே புறக்கணிக்கப்படுகிறது. லத்தியை வாரி, மாலீஸ் செய்து, சேணம் பூட்டி நிறுத்துபவர் சொற்பக் கூலி பெறும் குதிரைக்காரர். பணம் கட்டியவர் ஏறி இறங்கிப் போய்விடுகிறார். விலை பெரிதாகவும் பேணுதல் சிறிதாகவும் எண்ணப்பட்டால் விளையும் நஷ்டத்தைச் சரித்திரமும் அறியும்: பெரும்பொருள் கொடுத்து அரபு நாட்டிலிருந்து பாண்டியர் தருவித்த குதிரைகள், பராமரிக்கத் தெரிந்தவர் இன்மையால் ஆண்டுதோறும் மாண்டன என்று மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். மெரினாவின் சுடுமணலில் குழந்தைகளைச் சுமக்கும் மட்டக்குதிரைகளைக் காண்போர், அந்நிலை முற்றும் மாறிவிட்டதென்று சொல்லார்.

திருத்தணி வட்டாரத்துக் கோடையோ தமிழகத்தின் கடுங்கோடைகளுள் ஒன்று. வெயில் ஏறியபின் அங்கே குதிரையை வேலை வாங்குவது கொடுமை. ஆகவே கனகம்மாசத்திரம் போன்ற ஓர் ஊரில் இச்சிகிச்சைக்கென ஒரு லாயம் எழுமானால், அங்கு வருபவர் முதல் மாதத்தில் சேணத்தைத் தொடாமல், விடியற்காலையில் லாயம் பெருக்கவும், கொள்ளு ஊறவைக்கவும், பிடரியைச் சீவவும் பழக வேண்டும் என்பேன். நடக்கவியலாத குழந்தைகளுக்கு மட்டும் இந்த நியமம் பொருந்தாது. அவர்களுக்குச் சவாரியே மருந்து. மற்றவர்களுக்கு இவ்வேலைகளைக் கற்பிக்கக் குதிரைக்காரரையே ஆசிரியராக அமர்த்தி, ஆசிரியருக்குரிய ஊதியத்தையும் அவருக்கு வழங்க வேண்டும்.