அழகம்மாளின் பக்கம்

தாய்மையைப் பற்றித் தமிழ்ப் பெண்கள் ஒளிவு மறைவில்லாமல் பேசத் தொடங்கியது இப்போதுதான் என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. புத்தகக் கண்காட்சி மேடைகளில் கேட்கிறேன். மொழிபெயர்ப்பு நூல்களின் முன்னுரைகளில் வாசிக்கிறேன். மேலைநாட்டுத் தன்வரலாறுகள் வந்தன, மனநல ஆலோசகர்கள் வந்தார்கள், அதன் பிறகே நம் வீட்டுப் பெண்களுக்கு வாய் திறந்தது என்பது இதன் சாரம். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட மானாவாரிக் காட்டில் ஒரு துட்டி (சாவு) வீட்டில் அரை நாள் உட்கார்ந்திருந்தவர் யாரும் இப்படிச் சொல்ல மாட்டார். பேச்சு எப்போதும் இருந்தது. அதை இலக்கியமாக மதித்து எழுதிவைக்க நமக்குத்தான் மனம் வரவில்லை.

பழைய கதையை வேகமாகத் தாண்டிவிடலாம். காவற்பெண்டும் ஒக்கூர் மாசாத்தியாரும் காட்டிய தாய், பிள்ளையைப் போருக்கு அனுப்பிவிட்டு நிமிர்ந்து நிற்பவள். உடன்போன மகளை நினைத்துப் புலம்பும் நற்றாயும் செவிலியும் அகப்பாட்டில் இருக்கிறார்கள். ஆனால் பாடப்புத்தகம் தேர்ந்துகொண்டது வீரத்தாயைத்தான். பிள்ளைத்தமிழ்த் தாய்க்குத் தூக்கம் கெட்ட ராத்திரி ஒன்றுகூடக் கிடையாது. பட்டினத்தார் தாய்க்குக் கொள்ளி வைத்துக் கதறியதில் உண்மை உண்டு. அதுவும் மகன் அழுத அழுகை. பிறகு தேசியம் அவளைப் பாரத மாதாவாக்கியது, தமிழியக்கம் தமிழன்னையாக்கியது, சினிமா தையல் மெஷின் முன்னால் உட்காரவைத்து இரும விட்டது.

இவர்கள் யாரும் கேட்காத குரல் தாலாட்டில் இருக்கிறது. நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' போன்ற தொகுப்புகளில் உள்ள தாலாட்டுகளைப் பிள்ளையைத் தூங்கவைக்கும் பாட்டு என்று மட்டும் படிப்பது சோம்பேறித்தனம். உன்னை அடித்தது யார் என்று அழும் பிள்ளையிடம் கேட்டு, அத்தை, மாமி, பாட்டி என்று உறவுகளை வரிசையாக இழுக்கிறாள் தாய். மூன்று மாதக் குழந்தையை யாரும் அடிக்கவில்லை. அடிபட்டவள் பாடுகிறவள்தான். மாமியார் காதில் விழ வேண்டும், ஆனால் குறை சொன்னதாக ஆகிவிடக் கூடாது. தொட்டில் அதற்கொரு மறைப்பு. தாய்மாமன் கொண்டுவரும் சீரை ஏற்றிப் பாடுவதும் புகுந்த வீட்டுக்கு வைக்கும் குத்துதான். ஒப்பாரி இன்னும் வெளிப்படை. கழுத்தைக் கட்டிக்கொண்டு அழும் பெண்களில் பாதிப்பேர் செத்தவருக்காக அழுவதில்லை. கூடப்பிறந்தவன் கைவிட்டது, பிள்ளை தங்காமல் போனது, புருசன் குடித்து அழித்தது எல்லாம் அங்கே ராகத்தோடு வெளியே வரும். ஊர் கேட்டுக்கொள்ளும், மறுநாள் யாரும் அதை வைத்து அவளை வம்புக்கு இழுப்பதில்லை.

பாட்டிலும் கதையிலும் இடம் கிடைக்காத ஒரு தாய் இதே மண்ணில் இருந்தார். பெயர் அழகம்மாள். திருச்சுழி சுந்தரமையரின் மனைவி. 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த வேங்கடராமனின், அதாவது ரமண மகரிஷியின், அம்மா. 1892இல் கணவர் இறந்தார். குடும்பம் சிதறியது. மூத்த பிள்ளைகள் இருவரும் மதுரையில் சித்தப்பா வீட்டுக்குப் போக, சின்னவர்களோடு இவர் மானாமதுரைக்குப் போனார். 1896இல் இரண்டாவது மகன் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைவிட்டுப் போனார். 1898 டிசம்பரில் திருவண்ணாமலைப் பவழக்குன்றில் அழுக்கும் சடையுமாக இருந்த மகனைப் பார்த்து, வீட்டுக்கு வா என்று நாள்கணக்கில் அழுதார். மௌனத்திலிருந்த மகன் விதியைப் பற்றிச் சில வரிகளை எழுதிக் கொடுத்தார். தாய் ஊர் திரும்பினார். அதன்பின் சில ஆண்டுகளிலேயே மூத்த மகனையும் பறிகொடுத்தார். எழுதிக்கொடுத்த வரிகளுக்கு விரிவான விளக்கங்கள் வந்திருக்கின்றன. அவற்றைக் கையில் வாங்கிக்கொண்டு திரும்பிய விதவையின் அடுத்த பதினெட்டு ஆண்டுகள் சரிதங்களில் சில பத்திகளில் முடிந்துவிடுகின்றன.

1916இல் மகனிடமே வந்து தங்கினார். மலைமேல் ஸ்கந்தாசிரமத்தில் அடுப்பு மூட்டினார். அப்பளம் இடக் கொஞ்சம் கைகொடு என்று அம்மா கேட்டதற்கு மகன் எழுதியதுதான் அப்பளப் பாட்டு. உளுந்து, பிரண்டைச் சாறு, மிளகு, சீரகம் என்று ஒவ்வொன்றும் வேதாந்தமாக மாறும் அழகான பாட்டு. அம்மா கேட்ட கைதான் அதில் இல்லை. மகனுக்கு ஈரமில்லை என்பதல்ல என் வாதம். 1914இல் பார்க்க வந்த அம்மா காய்ச்சலில் கிடந்தபோது அருணாசலத்திடம் அவர் வைத்த வேண்டுதலில் ஒரு பிள்ளையின் பதற்றமே இருக்கிறது. 1922 மே 19 அன்று அழகம்மாள் மறைந்தார். அவர் சமாதியைச் சுற்றித்தான் ரமணாசிரமம் வளர்ந்தது. 1949இல் மாத்ருபூதேசுவரர் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. பக்தி இலக்கியத்துக்கு அவர் முக்தி பெற்ற ஆத்மா. பிள்ளை தன்னைவிட்டுப் போனதைத் தாங்கமுடியாமல் தவித்த பெண் யாருக்கும் தேவைப்படவில்லை.

இப்படித் தவித்த தாயை எழுதாமல் விட்ட கடனைக் கரிசல் எழுத்து தீர்த்திருக்க வேண்டும். பாதிதான் தீர்த்தது. 'ராஜா வந்திருக்கிறார்' கதையில் கு. அழகிரிசாமியின் தாயம்மாள், தீபாவளி விடியலில் சொறிசிரங்கோடு நிற்கும் அநாதைப் பையனைக் குளிப்பாட்டுகிறாள். அந்தக் கைகளுக்கு இணை தமிழில் இல்லை. ஆனால் பின்னால் வந்தவர்கள் அந்த ஈரத்தை அச்செடுத்துக்கொண்டார்கள். கஞ்சிக் கலயம், வியர்வை, வாய் பேசாத ஆத்தா, கடைசிப் பக்கத்தில் சாவு. வறுமையை எழுதினால் போதும், தாயின் மனசை எழுத வேண்டியதில்லை என்கிற மெத்தனம் இது. கி. ராஜநாராயணன் மட்டும் 'பேதை'யில் சித்தம் கலங்கிய ஒருத்தி தாயாவதை எழுதி, வாசகனைக் கூச வைத்தார். அந்தக் கதையைக் கரிசல் ரசிகர்கள் அதிகம் பேசுவதில்லை. அவர்களுக்கு அவருடைய நக்கலே போதுமானதாக இருக்கிறது. மல்லாங்கிணற்றில் பிறந்த எஸ். ராமகிருஷ்ணனின் 'உறுபசி' மனம் குலைந்துபோன ஒருவனுக்கு முழு நாவலையே தருகிறது. அவன் ஆண். அதே ஊர்க்காரரான தமிழச்சி தங்கபாண்டியன் 'வனப்பேச்சி'யில் இந்த மண்ணின் பெண்களைக் கவிதைக்குள் கொண்டுவந்தார். ஊர் ஏக்கம் சில இடங்களில் அவர்களுடைய கோபத்தை மழுக்கிவிடுகிறது.

உண்மையான திருப்பம் வேறிடத்தில் நடந்தது. 'அம்மா ஒரு கொலை செய்தாள்' கதையில் அம்பை, ஒரு சொல்லால் மகளை நொறுக்கிவிடும் தாயைக் காட்டி, தாய் என்றால் அன்பு என்ற சமன்பாட்டை உடைத்தார். விருதுநகர் மாவட்டத்துக்குள்ளேயே, வத்திராயிருப்புப் பக்கத்துப் புதுப்பட்டியிலிருந்து வந்த பாமா 1994இல் 'சங்கதி'யை எழுதினார். இந்தக் கட்டுரை பேசும் விஷயத்தில் தமிழின் தலையாய நூல் அதுதான் என்று தயங்காமல் சொல்வேன். பேய் எங்கள் பெண்களை மட்டும் ஏன் பிடிக்கிறது என்று அதில் ஒரு கேள்வி வருகிறது. காட்டிலும் வேலை, வீட்டிலும் வேலை, ராத்திரி புருசனின் அடி. உட்கார்ந்து அழக்கூட நேரமில்லாத மனசு ஆட்டமாக வெடிக்கிறது என்று கதை சொல்லும் பெண்ணே யோசித்துக் கண்டுபிடிக்கிறாள். பச்சை உடம்புக்காரிக்குக் காத்து கருப்பு அண்டிவிட்டது என்று கோடாங்கியைக் கூப்பிடும் ஊரிலிருந்தே இந்த விளக்கம் வந்தது. எந்த ஆலோசகரும் சொல்லித்தரவில்லை.

மக்களின் சாமிக்கும் இது தெரியும். பேச்சியம்மன் மடியில் கர்ப்பிணியைக் கிடத்தி வயிற்றைக் கிழித்த கோலத்தில், கையில் பிள்ளையோடு உட்கார்ந்திருக்கிறாள். பேறுகாலக் காவலுக்கு அவளைத்தான் கும்பிடுகிறார்கள். பெறுவதில் இருக்கும் ரத்தத்தையும் பயத்தையும் மறைக்காத தெய்வம். நம் சிறுகதைகளில் வரும் தாய்க்கு அவளுடைய பல்லும் இல்லை, நகமும் இல்லை.

மனநோய் விஷயத்தில் இலக்கியம் இன்னும் கோழை. கோபிகிருஷ்ணன் 'உள்ளேயிருந்து சில குரல்கள்' எழுதினார். வாழும் காலத்தில் அவரை எத்தனை பேர் படித்தோம்? எங்கள் பக்கத்தில் வீட்டில் ஒருவருக்குப் புத்தி தடுமாறினால் பஸ் ஏறுவது ஏர்வாடி தர்காவுக்கு. அங்கே 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அவர்களுக்கும் தாய்மார்கள் இருந்தார்கள், அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பங்கள் இருந்தன. விட்டுவிட்டுத் திரும்பிய ராத்திரி அந்த வீடுகளில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை எழுதத் தமிழில் ஒரு பெரிய நாவல் வந்திருக்க வேண்டும். அறிக்கைகளும் வழக்கும் வந்தன. உமா மகேஸ்வரி 'யாரும் யாருடனும் இல்லை'யில் கூட்டுக் குடும்பத்துப் பெண்களின் தனிமையை எழுதிய பொறுமை இதற்குத் தேவை.

புதிதாக எழுத வரும் பெண்களின் பிள்ளைப்பேற்றுக் கட்டுரைகளில் பல நேர்மையானவை; மறுக்கவில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலும் நகரத்து அடுக்ககமே வருகிறது. அருப்புக்கோட்டைத் தறி வீட்டில் தொட்டிலை ஒரு காலால் ஆட்டிக்கொண்டு தார் சுற்றுகிறவளும், திருச்சுழிப் பக்கம் கரிமூட்டத்தில் கைப்பிள்ளையோடு நிற்கிறவளும் இன்னும் யாரோ ஒருவரின் கதையில் ஓரமாகவே நிற்கிறார்கள். தாலாட்டு, ஒப்பாரி, பாமா என்று வரும் தடமே நமது பிரதான சாலை. பொறுமைத் தாய்க் கதைகள் அதிலிருந்து பிரிந்துபோன சந்து.

அருப்புக்கோட்டையில் சைவபானு சத்திரியக் கல்லூரியும் தேவாங்கர் கல்லூரியும் இருக்கின்றன. தமிழ் படிக்கும் மாணவிகள் தங்கள் வீட்டுக் கிழவிகளிடம் போய் உட்கார வேண்டும். பாட்டை மட்டும் எழுதி வராமல், பாடியவரின் பெயர், எத்தனை பிள்ளை பெற்றார், எத்தனை தங்கின, எப்போது யாரிடமும் சொல்லாமல் அழுதார் என்பதையும் அவர் சம்மதத்தோடு எழுதி வாருங்கள். பாடுகிறவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.