மொசைக்: தேய்த்தவன் எங்கே?

நாவலையோ சமூகத்தையோ 'மொசைக்' என்று வர்ணிப்பது நம் எழுத்தில் சகஜமாகிவிட்டது. மையமற்ற பிரதியா, மொசைக். பல மொழி, பல மதம், பல சாதி சேர்ந்த தேசமா, அதுவும் மொசைக். சொல்கிறவர்களுக்கு இது ரொம்ப வசதியான உருவகம். ஒவ்வொரு துண்டும் தன் நிறத்தோடு தனித்திருக்கிறது, எல்லாம் சேர்ந்து அழகாயிருக்கிறது, யாருக்கும் நஷ்டமில்லை. இந்த வசதிதான் என்னை உறுத்துகிறது. உருவகத்தைக் கொஞ்சம் தரையில் இறக்கிப் பார்ப்போம். தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் பழைய வீடுகளில் இன்னும் கிடக்கிற மொசைக் தரையில்.

முதலில் ஒன்று. கலை வரலாறு மொசைக் என்று சொல்வதும் நம் கொத்தனார் மொசைக் என்று சொல்வதும் வேறு வேறு. மெசபடோமியாவின் உருக் நகரத்தில் கி.மு. 4ஆம் ஆயிரத்தாண்டிலேயே சுட்ட மண் கூம்புகளைச் சுவரில் செருகிக் கோலம் செய்திருக்கிறார்கள். இத்தாலியின் ரவென்னாவில், 547இல் திறக்கப்பட்ட சான் விட்டாலே ஆலயத்தில், கண்ணாடிச் சில்லுகள் சற்றே சாய்த்துப் பதிக்கப்பட்டிருக்கின்றன. மேடு பள்ளம் இருப்பதால்தான் அங்கே வெளிச்சம் அசைகிறது. சில்லு ஒவ்வொன்றும் ஒரு கை யோசித்து வைத்தது.

நம்முடையது 'டெராஸோ'. வெனிஸ், ஃபிரியூலி பகுதித் தொழிலாளர்கள் பளிங்கு வேலையில் மிஞ்சிய துண்டுகளைச் சுண்ணாம்பில் குழைத்துப் போட்ட தரை. பிரபுவின் மாளிகைக்கு முழுப் பளிங்கு. மிச்சம் மீதிக்கு டெராஸோ. ஆக நாம் மொசைக் என்கிற பொருளின் பிறப்பிலேயே ஒரு வர்க்கக் கணக்கு இருக்கிறது.

கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931இல் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. அந்தத் தண்டவாளத்தை ஒட்டித்தான் பிற்பாடு நடுத்தர வர்க்கத்தின் சொந்த வீட்டுக் கனவு தெற்கே நீண்டது. சாணித் தரை, சிமெண்ட் தரை, சிவப்பு ஆக்ஸைடு, அப்புறம் மொசைக். அந்த ஏணியில் 'மொசைக் போட்ட வீடு' என்பது பெண் பார்க்க வருகிறவர்களிடம் சொல்லிக்கொள்ளத்தக்க ஒரு தகுதி.

அதை எப்படிப் போட்டார்கள்? கீழே ஜல்லிப் படுகை, அதன்மேல் கலவை, அதற்கும் மேல் வெள்ளை சிமெண்டும் நிறப்பொடியும் பளிங்குச் சில்லும் சேர்ந்த மேல்பூச்சு. பட்டறையில் அழுத்திச் செய்த சதுர வில்லையாகவும் வரும். வீட்டிலேயே கண்ணாடிப் பட்டை வைத்துக் கட்டம் கட்டியும் போடுவார்கள். போட்ட அன்றைக்கு அது வெறும் சிமெண்ட் சேறுதான், ஒரு அழகும் தெரியாது. சில நாள் தண்ணீர் கட்டி இறுகவிட்டு, பிறகு தேய்க்கணும். கார்போரண்டம் கல் 60ஆம் நம்பர், அப்புறம் 120, கடைசியில் 320. நடுநடுவே துளைகளில் சிமெண்ட் பால் விட்டு அடைக்கணும். முடிவில் ஆக்ஸாலிக் ஆசிட் போட்டு மெருகு. மிஷின் ஓடுற சத்தத்துல பக்கத்துல பேசறது கேக்காது. கணுக்கால் வரை சாம்பல் குழம்பு, அதிலேயே கிடக்கிற மின்சார வயர், சிமெண்டின் காரம் அரித்த விரலிடுக்கு. மூலைக்கு மிஷின் போகாது; அங்கே உட்கார்ந்து கையால் தேய்க்கவேண்டும்.

தேய்ப்பு எதற்கு? சில்லின் முகம் தெரிவதற்கு. கூடவே, தேய்த்த தடம் தெரியாமல் போவதற்கும். உழைப்பு தன்னுடைய சுவட்டைத் தானே அழித்தால்தான் இங்கே பண்டம் முழுமையாகிறது. பளபளப்பு என்று நாம் பாராட்டுவது அந்த அழிவைத்தான். பண்டத்துக்குள் மனித உறவு மறைந்துபோவதை விளக்க மார்க்ஸிடம் போகிறவர்கள், குனிந்து வீட்டுத் தரையைப் பார்த்தாலே போதும்.

படுகைக்கு வாருங்கள். திரிசூலம், பம்மல் குவாரிகளில் உடைத்த ஜல்லி இந்தப் புறநகரின் அடியில் கிடக்கிறது. பல்லாவரம் குன்றுகளின் பாறைக்கு சார்னோக்கைட் என்று பெயர். கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல் இந்த வகைப் பாறை என்பதால், அவர் பெயரையே வைத்தார்கள். உடைத்தவர் பெயரில் எதுவுமில்லை. அந்தப் பாறையில் குவார்ட்ஸ் இருக்கிறது. உடைக்கையில் எழும் தூசி வருடக்கணக்கில் நெஞ்சுக்குள் போனால் சிலிகோசிஸ் வரும். மேலே தெரிகிற வண்ணச் சில்லுகளின் பன்மையை ரசிக்கிறோம். அதைத் தாங்குகிற ஒரே நிற ஜல்லியை யாரும் உருவகமாக்கவில்லை.

கனடாவில் 'பண்பாட்டு மொசைக்' என்று பெருமை பேசப்பட்டபோது, ஜான் போர்ட்டர் 1965இல் தன் நூலுக்கு 'செங்குத்து மொசைக்' என்று பொருள்படும் தலைப்பு வைத்தார். துண்டுகள் அருகருகே இல்லை, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதுதான் அவர் வாதம். அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று அடையாளம் காட்டிய ஒரு சமூகத்தில் உட்கார்ந்துகொண்டு, கிடைமட்டமான மொசைக் என்று எப்படி எழுத முடிகிறது? எந்தச் சில்லு எங்கே என்பதைச் சில்லா தீர்மானித்தது?

இப்போது அந்தத் தரையும் போய்விட்டது. விட்ரிஃபைடு டைல்ஸ் வந்து மொசைக்கை மூடியது. வேடிக்கை என்னவென்றால், டெராஸோ மறுபடி நாகரிகமாகி, சில்லுகளின் படத்தை அச்சடித்த டைல்ஸ் விற்பனைக்கு வருகிறது. சில்லு இல்லை, தேய்ப்பும் இல்லை. சிதறலின் பிம்பம் மட்டும். நம் 'சிதறுண்ட' நாவல்களில் சிலவும் இப்படித்தான். எதுவும் உடையாமலே உடைசல் அச்சாகிவிடுகிறது.

எதிர்ப்பக்கம் ஒன்று உண்டு. கடைகளில் கழித்துப்போட்ட உடைந்த டைல்ஸை வாங்கி, நிறம் பார்க்காமல், இடுக்கில் சிமெண்ட் பூசிப் போட்ட திண்ணைகளும் குளியலறைகளும் மொட்டைமாடிகளும். அங்கே விளிம்புகள் ஒட்டுவதில்லை, காலைக் கிழிக்கும். எந்தத் துண்டு எங்கே உடைந்தது என்பதும் ஒட்டவைத்த கை எதுவரை எட்டியது என்பதும் அப்படியே தெரியும். உருவகம் வேண்டுமென்றால் இதை எடுத்துக்கொள்ளலாம். பளபளப்பைக் கேட்காத விமர்சனம்தான், யார் தேய்த்தது என்று கேட்க முடியும்.