மண்ணும் இரவும்

கரிசல் எழுத்தைப் பற்றிப் பேசும்போது நம் விமர்சனம் மண்ணை விட்டு நகர்வதில்லை. வெயில், பருத்தி, கம்பு, வறண்ட கண்மாய், பேச்சு வழக்கு: இவை உண்மைகள்தாம், ஆனால் பகலின் உண்மைகள். யாருக்கு எவ்வளவு நிலம், யார் எந்தத் தெரு என்பதெல்லாம் பகலில் முன்பே தீர்மானமாகிவிட்டவை. அடையாளத்தை மண்ணிலிருந்து தொடங்கினால், நிலம் இல்லாதவனும் ஊர் ஊராகப் போகிறவளும் அதற்கு வெளியே நின்றுவிடுகிறார்கள்.

நல்ல நாவல்கள் இதை அறிந்தே இருக்கின்றன. பூமணியின் 'வெக்கை'யில் (1982) கொலை செய்துவிட்டு ஓடும் சிறுவனுக்கும் அவன் தகப்பனுக்கும் காடும் இருட்டும்தான் இடம் கொடுக்கின்றன. சோ. தர்மனின் 'கூகை'யில் (2005), பகலில் சிறு பறவைகள்கூடக் கொத்தி விரட்டும் கூகை தலித் மக்களின் நிலைக்கு உருவகமாகிறது. இவற்றை 'மண்ணின் மணம்' என்று பாராட்டுவது, அவை மண்ணின் மீது தொடுத்திருக்கும் வழக்கைத் தள்ளுபடி செய்வதாகும்.

இரவில் கரிசல் கேட்டதெல்லாம் கரிசலில் விளைந்ததல்ல. கோவில்பட்டி தனது என்று சொல்லிக்கொள்ளும் நாதஸ்வரம் காருகுறிச்சி அருணாசலத்தினுடையது (1921–1964). அவர் பிறந்தது நெல் விளையும் காருகுறிச்சியில். குரு திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. காவிரிக்கரையின் பாணி இந்த வறண்ட ஊரில் வந்து தங்கியது. இடைசெவலின் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் இசையில் ஊறியவர்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும்.

ஸ்பெஷல் நாடகம் இதை இன்னும் துலக்கமாகக் காட்டுகிறது. பங்குனிப் பொங்கலுக்கு ஊர் வரி போட்டு நாடகம் வைக்கிறது. நிலையான கம்பெனி கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஆர்மோனியம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே பேசி அமர்த்துகிறார்கள். ஒருவர் மதுரை, ஒருவர் புதுக்கோட்டை, ஒருவர் திண்டுக்கல். நோட்டீஸில் படத்தோடு ஊரும் அச்சாகிறது. ஒத்திகை இல்லை. இரவு பத்து மணிக்கு மேல் மேடையில் சந்தித்து, விடியும்வரை 'வள்ளி திருமணம்' நடத்துகிறார்கள். முருகனும் வள்ளியும் நெடுநேரம் தர்க்கம் செய்ய முடிவது, சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) விட்டுச்சென்ற பாட்டும் வசனமும் எல்லா ஊர் நடிகர்களுக்கும் பாடமாகியிருப்பதால்தான்.

ஒருவரையொருவர் பார்த்தேயிராதவர்கள், ஒரே பத்திரிகையையும் நாவலையும் வாசிப்பதன் மூலம் தம்மை ஒரு சமூகமாகக் கற்பித்துக்கொள்கிறார்கள் என்று 1983இல் எழுதினார் பெனடிக்ட் ஆண்டர்சன். மேடை மேல் இருப்பவர்களுக்கு இது ஏறக்குறையப் பொருந்துகிறது. ஊர் வேறு, பிரதி ஒன்று. மேடைக்குக் கீழே நிலைமை நேர்மாறு. அங்கே ஒருவரையொருவர் மிக நன்றாகத் தெரியும். தெருவும் சாதியும் தெரியும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். இரவு இவற்றை அழித்துவிடுவதில்லை. ஆனாலும் பபூனின் ஒரே பேச்சுக்கு எல்லோரும் சிரிக்கிறார்கள். இதைச் சமத்துவம் என்று நான் சொல்லமாட்டேன். பகலில் இல்லாத ஒரு கூட்டம் சில மணி நேரம் இருக்கிறது, அதை உண்டாக்கியவர்கள் வெளியூர்க்காரர்கள் என்பதே என் கட்சி.

விடிந்ததும் அது கலைகிறது. வள்ளியாக இரவெல்லாம் பார்த்த பெண்ணையே பகல் 'கூத்தாடி' என்கிறது. அவள் உண்டாக்கிய கூட்டத்தில் அவளுக்கு இடமில்லை. இது அவளுக்கும் தெரியும். வேஷம் கலைத்ததும் யார் கண்ணிலும் அதிகம் படாமல் ஊரைவிட்டுப் போய்விடுவதே நல்லது.

நான் வேலை பார்க்கும் வங்கியின் படிவத்தில் நிரந்தர முகவரிக்கு ஒரு கட்டம், தொடர்பு முகவரிக்கு ஒரு கட்டம். நம் வட்டார விமர்சனத்துக்கு முதல் கட்டமே போதுமானதாக இருந்துவருகிறது. சென்னைக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போனவர்களை எந்த மண்ணில் சேர்ப்பது என்ற கேள்விக்கு அதனிடம் பதிலில்லை. அவர்கள் பொங்கலுக்கு வந்து, ஓர் இரவு மேடைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டுத் திரும்புகிறார்கள். அந்த ஓர் இரவுக்கு அவர்கள் ஊர்க்காரர்கள்.

கரிசல் எழுத்து இனி யாரை 'நம்மவர்' என்று சொல்லப்போகிறது? விடியற்காலையில் அந்த ஸ்திரீபார்ட்டுக்கு அது என்ன இடம் தருகிறது என்பதைக் கொண்டே நான் அதை மதிப்பிடுவேன்.