பட்டும் மணலும்: 'காஞ்சிவரம்' திரைப்படத்தை வன்னியிலிருந்து நோக்கல்

ஆடை வரலாறு எழுதுவோர் பட்டுச்சேலையைப் பெரும்பாலும் கண்ணுக்குரிய பொருளாகவே கொண்டுள்ளனர். நிறம், கரை, முந்தானை, சரிகை என்பனவே அவர்தம் ஆய்வுப் பொருள்கள். 2023ஆம் ஆண்டில் இலண்டன் வடிவமைப்பு அருங்காட்சியகம் சேலைக்கெனத் தனிக் கண்காட்சியொன்றை நடத்திற்று. வடிவமைப்பாளரின் ஆக்கங்களே அதில் முதன்மை பெற்றன. எனினும், போராட்டத்திலே பெண்கள் உடுத்த சேலைக்கும் அங்கு இடமளிக்கப்பட்டமை பாராட்டற்குரியது. ஆயின், யார் நெய்தார், யார் இழந்தார் என்னும் வினாக்கள் இத்தகைய வரலாற்றின் ஓரத்திலேயே நிற்கின்றன.

முதல் வினாவை மையத்துக்குக் கொண்டுவந்தது பிரியதர்சன் இயக்கிய 'காஞ்சிவரம்' திரைப்படமாகும். 2008இல் ரொறன்ரோ திரைப்பட விழாவில் திரையிடப்பெற்ற இப்படம், 2007ஆம் ஆண்டுக்குரிய சிறந்த படத்துக்கான இந்திய தேசிய விருதைப் பெற்றது. வேங்கடம் என்னும் நெசவாளியாகப் பிரகாஷ்ராஜ் நடித்துள்ளார். மகளைப் பட்டுடுத்தி மணமுடித்துக் கொடுப்பதாகச் சபையறியச் சூளுரைக்கும் அவன், கூலியால் அது கைகூடாதெனக் கண்டு, நாள்தோறும் பட்டிழைகளை வாயில் ஒளித்துக் கொணர்ந்து இரகசியமாக நெய்கின்றான். உழைப்பின் பயன் உழைப்பாளிக்கு அந்நியமாதலை இத்துணை எளிய காட்சியால் உணர்த்திய தமிழ்ப் படங்கள் மிகச் சிலவே. ஒரு கூலியுயர்வு விளக்கத்தாற் சொல்லவேண்டியதை அந்த மூடிய வாய் சொல்லிவிடுகின்றது.

படத்தின் குறைபாடும் இவ்விடத்திலேயே தொடங்குகின்றது. வேங்கடம் பொதுவுடைமைக் கருத்தை ஏற்றவன். வேலைநிறுத்தத்தின் முன்னணியில் நிற்பவன். மகளின் திருமணம் நெருங்கியதும், தறிக்குத் திரும்பினாலன்றி இழை கிடையாதாகையால், போராட்டத்தை முடிக்குமாறு தோழரைத் தூண்டுகின்றான். வர்க்க நலனுக்கும் தந்தைப் பாசத்துக்கும் இடையிலான இம்முரண் மெய்யானது. ஆயினும் இயக்குநர் அதனை ஒருவனின் ஊழ்வினைபோற் காட்டி, ஏனைய நெசவாளரைப் பின்னணியாக ஒதுக்கிவிடுகின்றார். காஞ்சிபுரத்துக் கோர்வை நெசவோ தனியாள் தொழிலன்று. உடலும் கரையும் வெவ்வேறு நாடாக்களால் நெய்யப்படுவதால் தறியருகே இன்னொருவர் அமர்ந்து கைகொடுத்தல் வேண்டும். அவ்விடத்தில் நெடுங்காலம் சிறுவரே அமர்த்தப்பட்டனர். இந்தியப் பட்டுத் தொழிலிற் கடனுக்கு அடிமைப்பட்ட சிறுவர் உழைப்பை மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2003ஆம் ஆண்டு அறிக்கையில் விரிவாகப் பதிவுசெய்தது.

இரண்டாவது வினாவுக்கு நாம் வன்னிக்கு வரவேண்டியுள்ளது. ஈழத்துத் திருமணத்தில் மாப்பிள்ளை வீட்டார் கொணரும் பட்டுச்சேலை கூறை எனப்படும். ஆடை என்னும் பொதுப்பொருளிற் பழந்தமிழில் வழங்கிய சொல், இங்கே ஒரேயொரு சேலையின் பெயராகச் சுருங்கி நிலைத்தது. மணநாளின் பின்னர் அது உடுக்கப்படுவது அரிது. பெட்டியின் அடியிற் கிடப்பதே அதன் வாழ்வு. கிளிநொச்சி 2009 சனவரியில் வீழ்ந்த காலத்தில், மக்கள் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தபோது, அப்பெட்டிகளும் உடன் சென்றன.

புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் நிலத்தின் இயல்பு வேறு. கடலுக்கும் நந்திக்கடலுக்கும் இடைப்பட்ட அந்நிலம் வெறும் மணல். பதுங்குகுழி தோண்டத் தோண்டச் சுவர் சரிந்துவிடும். மரக்குற்றி கிடைப்பதரிது, வெற்றுச் சாக்கும் கிடைப்பதரிது. ஆகவே பெண்கள் சேலைகளைக் கிழித்துப் பைகளாகத் தைத்து மணல் நிரப்பி அடுக்கினர். பருத்தியும் நைலெக்சும் மட்டுமன்றிக் கூறைகளும் அவ்வாறு தைக்கப்பட்டன என்பதைத் தப்பியோர் பலர் கூறியுள்ளனர். போர் முடிந்து சில ஆண்டுகளின் பின்னரும், மக்கிய சேலைத்துண்டுகள் அம்மணலிற் கிடந்தமைக்குப் படச்சான்றுகள் உள.

இதனைத் தியாகம் எனப் பாடிவிடுவது எளிது. நாம் அவ்வாறு கொள்ளவில்லை. பண்டமாகவும் மதிப்பின் அடையாளமாகவும் இருந்த ஒன்று, நெருக்கடியில் அதன் பயன்மதிப்புக்கு, அதாவது இழையின் வலிமைக்கும் துணியின் நீளத்துக்கும், திரும்பிய நிகழ்வு இது. தைத்தவர் நன்கு கணக்கிட்டே தைத்தனர். நைந்த சேலைகள் முதலிற் போயின. கூறை கடைசியிற் போயிற்று. அந்த வரிசைமுறையே ஓர் ஆடை வரலாறாகும். அதனை எழுத வடிவமைப்பாளரின் குறிப்பேடு உதவாது. இன்னும் நம்மிடையே வாழும் அப்பெண்களின் வாய்மொழியே உதவும்.

'காஞ்சிவர'த்தின் இறுதியில் வேங்கடம் மகளின் உடலை முற்றுப்பெறாத பட்டால் மூடுகின்றான். தலையை மூடினால் கால் தெரிகின்றது. காலை மூடினால் தலை தெரிகின்றது. அத்துணியின் அளவு போதவில்லை என்பதைக் காட்டவே இயக்குநருக்கு ஒரு முழுப்படம் வேண்டியிருந்தது. முள்ளிவாய்க்காலிலே முழுச்சேலை இருந்தது; அதனை மூடுதுணியாக விரிக்கத்தான் பலருக்கு அவகாசம் இருக்கவில்லை.