பந்து எங்கிருந்து வருகிறது

ஹைதராபாதை அடுத்த மொயினாபாதில் இருக்கும் தெலங்கானா காவல்துறையின் உளவுப் பயிற்சி அகாடமியில் மோப்ப நாய்கள் தங்களை நடத்தும் ஹேண்ட்லர்களோடு ஜோடியாக எட்டு மாதம் பயில்கின்றன. பயிற்சி நிறைவு அணிவகுப்பில் கைதட்டல் முழுக்க நாய்க்குத்தான். நாய்ப் பயிற்சியின் ரசிகர் என்று சொல்லிக்கொள்பவர் பார்க்கவேண்டியது ஹேண்ட்லரின் கையை.

வெடிமருந்துப் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். வரிசையாகப் பெட்டிகள், ஒன்றில் மட்டும் வாசனை. லாப்ரடாருக்கு வெடிமருந்தைப் பற்றி ஒரு கவலையும் கிடையாது. அதற்கு வேண்டியது ஒரு டென்னிஸ் பந்து. மூன்று பெட்டிகளை அலட்சியமாகக் கடக்கிறது. நான்காவதில் தலை வெடுக்கென்று திரும்புகிறது. மூச்சு குறுகி வேகம் பிடிக்கிறது. வால் விறைக்கிறது. உட்காருகிறது. குரைக்கக் கூடாது, பிறாண்டக் கூடாது, உள்ளே இருப்பது குண்டாக இருக்கலாம். அந்தக் கணத்தில் ஹேண்ட்லர் நாயின் முதுகுப் பக்கமிருந்து, அதன் தலைக்கு மேலாக, பெட்டியருகே போய் விழும்படி பந்தை வீசுகிறார். கை அசைந்ததை நாய் பார்க்கவே கூடாது. பந்தைக் கொடுத்தது பெட்டிதான் என்று அது நம்பவேண்டும்.

பார்த்துவிட்டால் என்ன ஆகும்? அடுத்த முறை வாசனை கிடைத்ததும் பெட்டியை விட்டுவிட்டு எஜமானின் சட்டைப் பையைத் திரும்பிப் பார்க்கும். ஆக, நல்ல ஹேண்ட்லர் தன்னை மறைத்துக்கொள்கிறார். பாராட்டெல்லாம் பெட்டிக்குப் போகட்டும் என்று ஒதுங்கி நிற்கும் இந்த அடக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. 2016இல் பிகாரில் மதுவிலக்கு வந்தபிறகு அந்த மாநிலத்து நாய்கள் சாராய வாசனை பழக இங்கேதான் வந்தன. வாசனைதான் வேறு, பந்து அதே பந்து.

இன்னொன்று, கொடுக்காமல் இருக்கும் கலை. சில வரிசைகளில் எந்தப் பெட்டியிலும் வாசனை இருக்காது. புத்திசாலி நாய் சும்மா ஒரு பெட்டி முன்னால் உட்கார்ந்து பார்க்கும். ஹேண்ட்லர் முகத்தில் ஒரு சுருக்கம்கூடத் தெரியக் கூடாது. அதட்டல் இல்லை, பந்தும் இல்லை, நடந்துகொண்டே இருக்கிறார். இதற்கு நேர்மாறாக, சவுக்கையும் முள்பட்டையையும் நம்பிய காலம் ஒன்று உண்டு. ஜெர்மானியர் கொன்ராட் மோஸ்ட் 1910இல் எழுதிய கையேடு அந்தப் பள்ளியைச் சேர்ந்தது. 1951இல் உளவியலாளர் ஸ்கின்னர் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் விலங்குகளுக்குக் கற்பிப்பது பற்றி எழுதியபோது, உணவோடு ஒரு சிறு ஒலியை இணைத்துவிட்டால் அந்த ஒலியாலேயே சரியான கணத்தைக் குறித்துவிடலாம் என்று காட்டினார். டிக் என்று ஒலிக்கும் கிளிக்கர் வேலை செய்வதும் இப்படித்தான். ஹைதராபாதில் அதற்கு ஒரு ‘ஷாபாஷ்’ போதும், ஆனால் இடம் தவறக் கூடாது. கச்சேரியில் எடுப்பு அரை இடம் பிசகினால் பாட்டே சாய்வதுபோல, இரண்டு விநாடி தாமதித்தால் உட்கார்ந்ததற்குப் போகவேண்டிய வெகுமதி எழுந்ததற்குப் போய்ச் சேரும்.

வீட்டு நாய்களிடம் பந்தைவிடத் தீனி எளிது. எளிது என்பதால்தான் கெடுகிறது. சுண்டுவிரல் நகமளவு வேகவைத்த கோழி ஈரல் போதும். நம் ஆட்களோ ஈரானி சாயாவில் நனைத்த உஸ்மானியா பிஸ்கட்டை முழுசாக நீட்டுகிறார்கள். அதைவிட மோசம் பிரியாணி மிச்சம். அதிலுள்ள வறுத்த வெங்காயம் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வெந்த எலும்பு கூராகப் பிளந்து குடலைக் கிழிக்கும். அன்பு மிகுந்த வீடுகளில்தான் இது அதிகம் நடக்கிறது.

கணக்கு ஒன்றும் சிரமமானதில்லை. இருபது கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஆயிரம் கலோரி. வெகுமதித் தீனி அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்களின் பொதுவான கணக்கு. ஒரு வேகவைத்த முட்டையிலேயே அந்தப் பங்கில் முக்கால்வாசி போய்விடும். தந்ததைத் தட்டில் குறைப்பவர் கையைத்தான் நான் தேர்ந்த கை என்பேன். மோப்ப நாய்க்குப் பந்து தோதாக இருப்பதும் இதனால்தான்: அதில் கலோரி இல்லை, வயிறும் நிறையாது, ஆசையும் தீராது.

தட்டு நிறைந்தால் போதும் என்ற நினைப்பை உடைத்த ஒரு கதையும் இதே ஊரில் நடந்தது. குன்னூரில் பிறந்து 1958இல் ஹைதராபாதுக்கு வந்த ஆய்வுக்கூடத்தை இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்கிறோம். சேலத்தில் பிறந்த சி. கோபாலன் அங்கே பெலக்ரா நோயைத் துரத்திக்கொண்டிருந்தார். சோளத்தையே பிரதானமாகத் தின்ற தக்காணத்து ஏழைகளுக்கு வெயில் பட்ட இடமெல்லாம் தோல் கருத்து உரிந்தது. நயாசின் என்ற வைட்டமின் குறைந்தால் மனிதருக்கு வருவது பெலக்ரா, நாய்களுக்கு வருவது கரு நாக்கு நோய். கோபாலனும் பவானி பெலவாடியும் நாய்களுக்குச் சோள உணவு கொடுத்துப் பார்த்தார்கள், நாக்கு கருத்தது. 1965இல் லான்செட் மருத்துவ இதழில் அது வெளிவந்தது. சோளத்தில் மிகுதியாக உள்ள லியூசின் என்ற அமினோ அமிலத்தின்மேல் அவர்களுக்குச் சந்தேகம் இருந்தது. 1967இல் நாய்க்குட்டிகளின் உணவில் லியூசினைத் தனியாகச் சேர்த்து, அதே நோயை வரவழைத்துக் காட்டினார்கள். அந்தக் குட்டிகளை நினைத்தால் மனசு கொஞ்சம் கூசத்தான் செய்கிறது.

அதற்காகச் சோளத்தில் செய்யும் ஜொன்ன ரொட்டியை நாய்க்கு விலக்கவேண்டியதில்லை. மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு ஓநாயைவிட நாயிடம் பல மடங்கு பெருகியிருக்கிறது என்பது 2013இல் தெரியவந்தது. முட்டையோ கறியோ கூட இருந்தால் ரொட்டியும் சேரும். வளரும் குட்டியானால் கால்சியத்தையும் பாஸ்பரஸையும் தனியாகக் கவனிக்கவேண்டும். வெறும் கறியும் சோறுமாக வளரும் குட்டியின் கால்கள்தான் வளைகின்றன. பை உணவு வாங்குகிறவர்களுக்கு அந்த விவரம் பையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும், முன்பக்கத்தில் சிரிக்கிற நாய்ப் படத்தைத் தாண்டிப் போனால்.