‘விழிப்பாக இருங்கள்’ என்றால் போதுமா?

நங்கநல்லூரில் ஒரு வங்கிக் கிளையின் சுவரில் இணைய மோசடி பற்றிய அறிவிப்பு ஒட்டப்பட்டிருக்கிறது. ‘சந்தேகத்திற்குரிய லிங்கைத் தொடாதீர், பாஸ்வேர்டை மூன்று மாதத்திற்கு ஒருமுறை மாற்றுவீர், எப்போதும் விழிப்பாக இருப்பீர்.’ ஓய்வூதியக்காரர்கள் மிகுதியாக வந்துபோகும் கிளை அது. அவர்கள் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்?

எந்த லிங்க் சந்தேகத்திற்குரியது? அது தெரிந்தவருக்கு இந்த அறிவிப்பே வேண்டாம். தெரியாதவருக்கு இதனால் பயனில்லை. போதாததற்கு, வங்கிகளும் எஸ்.எம்.எஸ்.ஸில் லிங்க் அனுப்புகின்றன! அளவுகோலைக் கொடுக்காமல் நீளத்தை அளக்கச் சொன்னால் ஆய்வுக்கூடத்தில் எந்த மாணவனும் விழிப்பான்.

ஆனால் அளவுகோல் ஒன்று இருக்கிறது. வங்கிகள் தங்கள் இணைய முகவரியை 2025 அக்டோபர் 31-க்குள் ‘.பேங்க்.இன்’ என்று முடியும்படி மாற்ற வேண்டுமென ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. இந்த முடிவு கொண்ட பெயர் வங்கிகளுக்கு மட்டுமே கிடைக்கும். பதிவு செய்து தருவது ஹைதராபாத்திலுள்ள ஐ.டி.ஆர்.பி.டி. நிறுவனம். ஆகவே பாஸ்வேர்டை அடிக்குமுன் திரையின் உச்சியிலுள்ள முகவரியைப் பாருங்கள். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால், ஆங்கில எழுத்தில், அந்த முடிவு இருக்க வேண்டும். ‘பேங்க்’ என்பதற்கு முன்னும் ஒரு புள்ளி வேண்டும், இது முக்கியம். முகவரியில் வேறெந்த இடத்தில் வங்கியின் பெயர் இருந்தாலும் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மாணவர்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இதைச் செய்து காட்டலாம். சுவரறிவிப்பிலோ இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

பாஸ்வேர்டு பற்றிய வாசகம் காலாவதியானது. களவு போனதற்கான அறிகுறி இல்லாதபோது, குறித்த காலத்திற்கு ஒருமுறை மாற்றும்படி வற்புறுத்தக் கூடாது என அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2017-இலேயே கூறிவிட்டது. வற்புறுத்தினால் மக்கள் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டிவிடுகிறார்கள். திருடனுக்கு அதை ஊகிப்பது எளிது. பழைய வழிகாட்டியை எழுதிய பில் பர்ர் என்பவரே அதே ஆண்டு வருத்தம் தெரிவித்தார். அறிவிப்பில் தேதியாவது இருந்தால் எவ்வளவு பழையது என்று பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

நல்ல அறிவுரைக்கும் உதாரணம் உண்டு. ‘பணம் பெற யு.பி.ஐ. பின் தேவையில்லை.’ பின் என்பது நம் கணக்கிலிருந்து பணத்தை எடுக்க நாம் இடும் கையெழுத்து. ‘உங்களுக்குப் பணம் வரும், பின் எண்ணை அடியுங்கள்’ என்று எவராவது சொன்னால், அவர் யாரென்று ஆராயவே வேண்டாம்.

பணம் போய்விட்டால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930. திருடிய பணம் கணக்கு விட்டுக் கணக்குத் தாவுமுன் தகவல் போனால்தான் நிறுத்திவைக்க வழியுண்டு. சுவரறிவிப்பின் அடியில் அந்த எண்ணும் இருக்கிறது, மூக்குக்கண்ணாடி போட்டாலும் தெரியாத பொடி எழுத்தில்.