கஞ்சி ஊற்றிய கைகள்

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் தென்மராட்சிக்குக் கிளம்பியபோது முன்னால் இருந்தவை இரண்டு பாலங்கள்: நாவற்குழி, கோப்பாய்–கைதடி. மழை வேறு. நடக்க இயலாத முதியவர்களைச் சைக்கிள் கரியரில் இருத்தித் தள்ளிக்கொண்டு போனார்கள். பேரழிவில் பிழைத்தவர்களின் எழுத்தை அந்தப் பாலங்களில் நின்றுதான் நான் வாசிக்கிறேன்.

யூதப் பேரழிப்பில் பிழைத்த விக்டர் பிராங்கல் எழுதிய நூலைத் தன்முன்னேற்றப் புத்தகங்களோடு அடுக்கிவைக்கிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. அமெரிக்க விசா கிடைத்தும் பெற்றோரை விட்டுப் போக மனமில்லாமல் வியன்னாவில் தங்கியவர் அவர். இடிக்கப்பட்ட யூத ஆலயத்தில் தகப்பன் பொறுக்கிவந்த சலவைக்கல் துண்டில், தாய் தந்தையை மதிக்கச் சொல்லும் கட்டளையின் எழுத்தொன்று இருந்தது. அதைக் கண்டு முடிவெடுத்தார். தகப்பன், தாய், தமையன், மனைவி எவரும் நாசி முகாம்களிலிருந்து மீளவில்லை. பாசம் அவரைத் தப்பவிடவில்லை. முகாமுக்குள் அவரைத் தாங்கியதும் அதே பாசம்தான். மனைவி உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாமலே அவளோடு மனதுக்குள் பேசிக்கொண்டிருந்தார்.

அவரைப் போலவே முகாமில் பிழைத்த எழுத்தாளர் பிரிமோ லெவிக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. அவுஷ்விட்சில் லொரென்சோ என்ற இத்தாலிய மேசன் ஆறு மாதம் நாள்தோறும் மறைத்துக் கொண்டுவந்த சூப் அவரைக் காத்தது. தம் பிள்ளைகள் இருவருக்கும் அந்த மனிதரின் பெயரைச் சேர்த்து வைத்தார் லெவி. நம்மிடம் அது முள்ளிவாய்க்கால் கஞ்சி: அரிசி, தண்ணீர், உப்பு. 2009இல் இறுதிப்போரின்போது அதற்கு வரிசையில் நின்றவர்கள்மேலும் செல் விழுந்தது. இப்போது மே மாதத்தில் தெருவோரம் அதையே காய்ச்சி, போவோர் வருவோருக்கு ஊற்றுகிறார்கள்.

தமிழ்க்கவியின் 'ஊழிக்காலம்' நாவல் பேரப்பிள்ளைகளோடு இடம்மாறிக்கொண்டே இருக்கும் ஒரு மூதாட்டியின் கதை. அதில் துணிச்சல் என்பது அடுத்த வேளைக்கு அடுப்பு மூட்டுவது. சயந்தனின் 'ஆதிரை' நாவல் மலையகத்தில் இருந்து வன்னிக்கு வந்தவர்களையும் உறவுக்குள் சேர்த்துக்கொள்கிறது. உளமருத்துவர் தயா சோமசுந்தரம், காயம் தனியாளுக்கு மட்டுமல்ல, குடும்பத்துக்கும் ஊருக்கும் சேர்த்தே விழுகிறது என்று வாதிட்டவர். அவர் சொல்வதன் பொருளை அறிய அந்தியேட்டிச் சடங்கைப் பார்த்தால் போதும். கீரிமலைக்குக் கொண்டுபோகச் சாம்பல் இல்லாத வீட்டில் துக்கத்துக்கு முப்பத்தோராம் நாளே வருவதில்லை. பொட்டை அழிப்பதா வேண்டாமா என்று கணவன் காணாமற்போன ஒரு பெண் தனியே தவிக்கிறாள். கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்னால் 2017 பெப்ரவரி 20இல் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் உட்கார்ந்தது, இறைவனிடமும் அரசிடமும் ஒரே கேள்வியோடு.

இந்த எழுத்துப் பரப்பில் எனக்குக் குறையாகப் படுவது ஒன்று. 1990இல், அதே ஒக்டோபர் 30இல், யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள் புலிகள். அயல்வீட்டாராகிய நாம் பார்த்துக்கொண்டிருந்தோம். நம் இடப்பெயர்வை எழுதும்போது அந்தத் தேதியையும் எழுதாவிட்டால் மனிதம் என்ற சொல்லை எடுக்க நமக்கு உரிமை குறைவு.

உறவு உயிரைக் காக்கும் என்று எழுதவும் கை தயங்குகிறது. 1996 செப்டம்பரில் மாணவி கிருஷாந்தி கைதடி இராணுவச் சோதனைச்சாவடியில் பிடிக்கப்பட்டபோது தேடிப்போனவர்கள் தாய், தம்பி, அயலவர் ஒருவர். நால்வரும் கொல்லப்பட்டுச் செம்மணியில் புதைக்கப்பட்டார்கள். அந்த வழக்கில்தான் செம்மணிப் புதைகுழிகள் வெளிச்சத்துக்கு வந்தன. 2025இல் அங்கே தோண்டியபோது குழந்தைகளின் எலும்புகளும் ஒரு பாடசாலைப் பையும் பொம்மையும் கிடைத்தன. ஓகஸ்டில் அங்கே கிடைத்த துணிகளையும் பிற பொருள்களையும் அடையாளம் காட்ட ஊரவரை அழைத்தார்கள். காணாமற்போனோரின் உறவினர் வந்து அந்தத் துணிகளின் முன் நின்றார்கள்.